பதின்மூன்றாவது ரவுண்டு

குத்துச்சண்டையில் முகமது அலியும் மைக் டைசனும் மோதியிருந்தால் யார் ஜெயித்திருப்பார்? திங்கள்சந்தை பக்கம் எங்கள் முக்கில் இருக்கும் சாயாக்கடையில் இந்தக் கேள்விக்கு வயது நாற்பதை நெருங்குகிறது. கிரிக்கெட் பேச்சு மேட்ச் முடிந்த மறுநாள் ஆறிப்போகும். கடற்கரை ஊர்க்காரர்கள் வந்தால் கால்பந்து பேசுவார்கள், அதுவும் அடுத்த டோர்னமெண்டோடு சரி. இது மட்டும் ஆறுவதில்லை. நடக்காத சண்டைக்கு முடிவு கிடையாது, அதனால் பேசுகிறவர்களில் யாரும் தோற்பதும் கிடையாது.

யார் எந்தப் பக்கம் நிற்பார் என்பதை வயதைக் கேட்டே சொல்லிவிடலாம். டைசன் எங்களுக்கு வந்தது வளைகுடா வழியாக. எண்பதுகளின் கடைசியில் கல்ஃபில் ஆள் இருந்த வீடுகளில்தான் வீடியோ டெக் இருந்தது. லீவுக்கு வருகிறவர்கள் சினிமா கேசட்டுகளுக்கு நடுவில் ஒரு பாக்சிங் கேசட்டும் கொண்டு வருவார்கள். அதற்கு டைசனைப் போலத் தோதான ஆள் யாரும் இல்லை. 1988 ஜூனில் மைக்கேல் ஸ்பிங்க்ஸை அவர் படுக்கப் போட்டது 91 விநாடியில். கரண்ட் போவதற்குள் பார்த்து முடித்து, ரீவைண்ட் செய்து இன்னொரு தடவையும் பார்க்கலாம். 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸ் அவரைப் பத்தாவது ரவுண்டில் சாய்த்தாரே, அந்தக் கேசட் எங்கள் ஊருக்குள் அவ்வளவாகச் சுற்றவில்லை. அதை யாரும் காப்பி போட்டுக் கேட்கவில்லை. என் வயதுக்காரர்கள் இன்றைக்கும் டைசன் பக்கம் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

எங்களுக்கு மூத்தவர்களுக்கு அலிதான். அவர்கள் அலியை அதிகம் பார்த்ததில்லை, பத்திரிகையில் படித்தார்கள். என் சித்தப்பா மட்டும் விதிவிலக்கு. 1980 தொடக்கத்தில் அலி சென்னைக்கு வந்து, எம்.ஜி.ஆர். வரவேற்க, நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் ஒரு காட்சிச் சண்டை போட்டார். சித்தப்பா அப்போது சென்னையில் வேலை பார்த்தார். "நீங்க எல்லாம் டெக்குல பாத்தவனுவ. நான் கண்ணால பாத்தவன்" என்று ஆரம்பித்தால் அப்புறம் யாரும் வாய் திறக்க முடியாது. அன்றைக்கு அவர் பார்த்தது 38 வயது அலி, அதுவும் விளையாட்டுக்கு ஆடிய ஆட்டம் என்று சொல்லிப் பார்த்தேன். காதில் வாங்கவில்லை.

இந்த வாக்குவாதத்தில் எனக்கு உருப்படியான ஒரு பிடி கிடைத்தது பாக்சிங்கே தெரியாத ஒருவரிடமிருந்து. எங்கள் ஊரில் அடிமுறை என்ற நாட்டுச் சண்டைக்கலை சொல்லிக்கொடுத்த ஆசான் ஒருவர் சாயங்காலம் சாயா குடிக்க வருவார். அதிகம் பேசமாட்டார். ஒரு நாள் நாங்கள் கத்திக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, "எவ்வளவு நேரம் அடிக்கணும் மக்கா? கையில என்ன போட்டிருக்கான்? ஒருத்தன் விழுந்தா எந்திக்கிய வரை மத்தவன் எங்க நிக்கணும்?" என்று கேட்டார். அத்தனை வருடம் கத்திய எங்களில் ஒருவரும் இதைக் கேட்டதில்லை. (ஆசானுக்கும் இந்த நோய் உண்டு என்பதைச் சொல்லிவிட வேண்டும். அவருடைய ஆசானுக்கு ஆசான் தொட்டே ஆளைச் சாய்த்தவராம், தோற்றதே கிடையாதாம். கேசட் இல்லாத காலத்தில் வாழ்வது ஒரு வசதிதான்.)

எவ்வளவு நேரம் என்ற கேள்வியை எடுத்துக்கொள்வோம். ஹெவிவெயிட் என்ற அதிக எடைப் பிரிவின் வரலாற்றில் அதுதான் பலருடைய தலையெழுத்து.

1952 செப்டம்பர் 23, பிலடெல்பியா. சாம்பியன் ஜெர்சி ஜோ வால்காட்டுக்கு வயது 38. எதிரில் ராக்கி மார்சியானோ, உயரம் ஆறடிக்கு ஓர் அங்குலத்துக்கும் மேல் குறைவு, எடை 84 கிலோவுக்குள். முதல் ரவுண்டிலேயே வால்காட் வளைத்து அடிக்கும் இடது ஹூக் ஒன்றால் மார்சியானோவை விழவைத்தார். மார்சியானோ வாழ்க்கையில் தரையைத் தொட்டது அதுதான் முதல் தடவை. நடுவில் கண்ணில் ஏதோ பட்டு எரிந்து சில ரவுண்டுகள் அவருக்குப் பார்வையே சரியில்லை. 12 ரவுண்டு முடிந்தபோது மூன்று நடுவர்களின் பாயிண்ட் அட்டையிலும் வால்காட் முன்னால் இருந்தார். 13ஆவது ரவுண்டில் கயிற்றோரம் இருவரும் ஒரே நேரத்தில் வலது கையை எடுத்தார்கள். மார்சியானோவின் கை பயணம் செய்தது கொஞ்ச தூரம்தான், அதனால் முதலில் போய்ச் சேர்ந்தது. வால்காட் ஒரு கை கயிற்றில் தொங்க, முழங்காலில் மடங்கிச் சரிந்தார். அடித்த அடிகளில் எல்லாம் சுத்தமான அடி எது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

1941 ஜூன் 18, நியூயார்க். ஜோ லூயிஸ் சாம்பியனாகி நான்கு வருடம் ஆகிறது. எதிராளி பில்லி கான், ஒரு எடை வகுப்பு கீழே இருந்து வந்தவர், எடை 80 கிலோவைத் தொடாதவர். கான் சுற்றிச் சுற்றி வந்து குத்திவிட்டு விலகிக்கொண்டே இருந்தார். 12 ரவுண்டு முடிவில் இரண்டு அட்டைகளில் கான் முன்னால், மூன்றாவதில் சமம். மிச்சம் மூன்று ரவுண்டை நின்று கடத்தினால் போதும். கானுக்கோ லூயிஸை நாக் அவுட் செய்தே தீர வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. 13ஆவது ரவுண்டில் நேருக்கு நேர் நின்று அடித்தார், அந்த ரவுண்டு முடிய இரண்டு விநாடி இருக்கும்போது விழுந்து, பத்து எண்ணி முடிக்கப்பட்டார்.

இப்போது இரண்டையும் இன்றைய விதியில் வைத்துப் பாருங்கள். 1982 நவம்பரில் தென்கொரியாவின் டுக் கூ கிம், ரே மான்சினியுடனான லைட்வெயிட் பட்டச் சண்டையில் 14ஆவது ரவுண்டில் விழுந்து, சில நாட்களில் இறந்துபோனார். அதன் பிறகு உலகப் பட்டச் சண்டைகள் 15 ரவுண்டிலிருந்து 12 ஆகக் குறைந்தன. ஒரு அமைப்பு உடனே மாறியது, மற்றவை அந்தப் பத்தாண்டுக்குள் மாறின. மாறியது நியாயம், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் 12 ரவுண்டு விதி முன்பே இருந்திருந்தால், 1941இல் பில்லி கான் ஹெவிவெயிட் சாம்பியன். ஜோ லூயிஸ் 25 தடவை பட்டத்தைக் காத்தார் என்ற சாதனை அங்கேயே அறுந்திருக்கும். 1952இல் வால்காட் பட்டத்தோடு வீட்டுக்குப் போயிருப்பார். தோல்வியே இல்லாமல் 49 சண்டையில் 49 வெற்றி என்ற மார்சியானோவின் எண்ணே இருந்திருக்காது. எந்தக் கால வீரரைப் பற்றிப் பேசினாலும் கடைசியில் யாராவது ஒருவர் மேஜையில் போடும் துருப்புச் சீட்டு அந்த 49தான்.

சாயாக்கடையில் இதைச் சொன்னபோது என் மருமகன் ஒரு மறுப்புச் சொன்னான், சரியான மறுப்பு. அக்கா மகன், ஜிம் வைத்திருக்கிறான், பாக்சிங் வீடியோ பார்த்தே தூங்கப் போகிறவன். "மாமா, 12 ரவுண்டுதான்னு தெரிஞ்சா லூயிஸ் பத்தாவது ரவுண்டுலயே அவசரப்படுவான்லா? 15 ரவுண்டு சண்டையில கடைசி மூணை வெட்டிட்டா அது 12 ரவுண்டு சண்டை ஆயிராது" என்றான். உண்மைதான். மூச்சை எங்கே செலவழிப்பது, எங்கே சேமிப்பது என்பதே வேறு கணக்காகிவிடும். மார்சியானோ போன்றவர்கள் முதல் ரவுண்டுகளில் தோளிலும் கையிலும் அடித்து எதிராளியின் கையைத் தாழ்த்துவதே கடைசி ரவுண்டுகளுக்காகத்தான். 12 ரவுண்டு என்று சொல்லிவிட்டால் அந்த முதலீட்டை எடுக்க நேரமில்லை. ஆகவே மார்சியானோவை இன்றைக்குக் கொண்டுவந்து இறக்குகிறவர்கள் அவருடைய எடையைப் பற்றிக் கவலைப்படுவதைவிட இந்த மூன்று ரவுண்டைப் பற்றிக் கவலைப்படலாம்.

இன்னும் பின்னால் போனால் நேரம் என்பதே வேறு பொருள். ஜான் எல். சல்லிவனும் ஜேக் கில்ரெய்னும் 1889இல் வெறுங்கையோடு 75 ரவுண்டு அடித்தார்கள். கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் அந்த விதிப்படி ஒருவர் கீழே விழுந்தால் ரவுண்டு முடிந்தது. களைத்தவர் லேசான அடிக்கும் விழுந்து மூச்சு வாங்கிக்கொள்ளலாம். ஆசானுக்கு இது பிடித்தது. வெறுங்கையால் மண்டையில் குத்தினால் உடைவது பெரும்பாலும் குத்துகிறவன் கை, அதனால் தன்னிடம் படித்த யாருக்கும் முஷ்டியால் தலையில் குத்தச் சொல்லித் தரவில்லை என்றார். கையுறை வந்த பிறகுதான் தலையைக் குறிவைத்து முழுப் பலத்தோடு அடிக்கிற பாக்சிங் பிறந்தது. கையுறை தடிக்கத் தடிக்க அடிக்கிறவனுக்குத் துணிச்சல் கூடியது. பழைய ஆள் மென்மையானவன், புதிய ஆள் முரடன் என்றோ, திருப்பியோ சொல்வதற்கு முன்னால் கையில் இருப்பதைப் பார்க்க வேண்டும்.

ஆசானின் மூன்றாவது கேள்வி ஜாக் டெம்ப்சியின் கதை. 1919 ஜூலை 4, டொலிடோ. ஆறரை அடி உயர ஜெஸ் வில்லார்டை டெம்ப்சி முதல் ரவுண்டில் ஏழு தடவை விழவைத்தார். அந்தப் பழைய படத்தைப் பாருங்கள். வில்லார்ட் எழும்போது டெம்ப்சி ஓரடி தூரத்தில், சில சமயம் பின்னாலேயே நிற்கிறார். முழங்கால் தரையை விட்டு எழுந்ததும் அடுத்த அடி. அன்றைக்கு அது தப்பில்லை. 1927 செப்டம்பரில் சிகாகோவில் ஜீன் டன்னியோடு மோதும்போது விதி மாறிவிட்டது. விழவைத்தவர் தள்ளியிருக்கும் மூலைக்குப் போன பிறகுதான் நடுவர் எண்ண ஆரம்பிப்பார். ஏழாவது ரவுண்டில் டன்னி விழுந்தார். டெம்ப்சியோ பழைய பழக்கத்தில் பக்கத்திலேயே நின்றார், நடுவர் அவரை விரட்டிவிட்டு எண்ண ஆரம்பிப்பதற்குள் நான்கைந்து விநாடி போய்விட்டது. டன்னி ஒன்பதில் எழுந்தார், பின்வாங்கி ஓடினார், 10 ரவுண்டு முடிவில் பாயிண்டில் ஜெயித்தார். தன்னால் முன்பே எழுந்திருக்க முடியும் என்று டன்னி சொன்னார். இருக்கலாம். எழுந்த இடத்தில் 1919இன் டெம்ப்சி நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதுதான் கேள்வி. இரண்டு காலங்களின் சண்டை என்கிறோமே, இங்கே ஒரே ஆள் எட்டு வருடத்தில் தன்னுடைய காலத்திடமே தோற்றிருக்கிறார்.

ஆகவே எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. யாராவது டெம்ப்சியா டைசனா என்று ஆரம்பித்தால், "எந்த வருஷத்து விதி?" என்று கேட்பேன். 1919 விதியில், மெல்லிய கையுறையில், விழுந்தவன் தலைமாட்டிலேயே நிற்கலாம் என்றால் எனக்கு டெம்ப்சி. 1988 விதியில் டைசன், அதுவும் சீக்கிரமே. டைசனுக்கே இதில் மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன். அவருடைய மேலாளர்களில் ஒருவரான ஜிம் ஜேக்கப்ஸிடம் பழைய சண்டைப் படங்களின் பெரிய சேகரிப்பே இருந்தது. டைசன் அவற்றைப் பார்த்து வளர்ந்தவர், டெம்ப்சியைப் போல முடி வெட்டிக்கொண்டவர். காலங்களை ஒப்பிடும் நம்மையெல்லாம்விட அவர் அதிகம் படித்தவர்.

இதையெல்லாம் கணக்குப் போட்டு ஒரேயடியாகத் தீர்த்துவிடலாம் என்று நினைத்த ஒருவரும் இருந்தார். மயாமியில் வானொலித் தயாரிப்பாளராக இருந்த முரே வொரோனர். 1967இல் 16 பழைய, புதிய சாம்பியன்களின் குணங்களை எண்களாக்கி, என்.சி.ஆர். 315 என்ற கம்ப்யூட்டருக்குள் போட்டு, வந்த முடிவுகளை நேரடி வர்ணனை போல வானொலியில் ஒலிபரப்பினார். இறுதிப் போட்டியில் டெம்ப்சியை வென்று மார்சியானோ எல்லாக் காலத்துக்குமான சாம்பியன் ஆனார். அலி கால் இறுதியிலேயே ஜேம்ஸ் ஜெஃப்ரீஸிடம் தோற்றதாக மெஷின் சொன்னது. அலிக்குக் கோபம் வந்ததில் ஆச்சரியமில்லை. 1910இல் கறுப்பினச் சாம்பியன் ஜாக் ஜான்சனைத் தோற்கடிக்க வெள்ளையர்கள் ஓய்விலிருந்து இழுத்து வந்த ஆள் ஜெஃப்ரீஸ். ஜான்சன் அவரை ரீனோவில் 15ஆவது ரவுண்டில் முடித்தார். அலி தன்னை ஜான்சனின் வாரிசாக நினைத்தவர். அந்த நேரம் ராணுவத்தில் சேர மறுத்ததற்காகப் பட்டமும் உரிமமும் பறிக்கப்பட்டு வீட்டில் இருந்தார். பத்து லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார்.

வழக்கு முடிந்த விதம்தான் வேடிக்கை. பத்தாயிரம் டாலர் வாங்கிக்கொண்டு, மார்சியானோவுடன் ஒரு படத்துக்குச் சண்டை போட அலி ஒப்புக்கொண்டார். 1969இல் மயாமியில் ஒரு ஸ்டூடியோவுக்குள் இருவரும் ஒரு நிமிடத் துண்டுகளாக எழுபதுக்கும் மேற்பட்ட ரவுண்டுகள் தட்டிக்கொண்டார்கள். ஓய்வு பெற்று 13 வருடமான மார்சியானோ இதற்காக 20 கிலோவுக்கு மேல் எடை குறைத்து, வழுக்கையை மறைக்க விக் வைத்துக்கொண்டு வந்தார். பல முடிவுகளைப் படம் எடுத்தார்கள், எது வரும் என்று இருவருக்கும் தெரியாது. படப்பிடிப்பு முடிந்து சில வாரத்தில், 1969 ஆகஸ்ட் 31 அன்று மார்சியானோ விமான விபத்தில் இறந்துபோனார். 1970 ஜனவரியில் தியேட்டர்களில் ஒரே ஒரு இரவு காட்டினார்கள். அமெரிக்காவில் மார்சியானோ நாக் அவுட்டில் ஜெயித்தார், ரவுண்டு எது என்று நினைக்கிறீர்கள், அதே 13. ஐரோப்பாவில் காட்டிய பிரதியில் அலி ஜெயித்தார்.

மெஷின் ஒன்றுதான், ஊருக்கு ஊர் முடிவு வேறு. எங்கள் சாயாக்கடையும் இதைத்தான் காசு வாங்காமல் செய்துகொண்டிருக்கிறது. மருமகன் இப்போது செல்போனில் பாக்சிங் கேம் வைத்து இரண்டு பேரை மோதவிட்டுக் காட்டுவான். காலையில் அலி, மத்தியானம் டைசன். 2024 டிசம்பரில் உக்ரைனின் உசிக்கும் இங்கிலாந்தின் ஃப்யூரியும் மோதிய மறு ஆட்டத்தில் செயற்கை நுண்ணறிவு நடுவர் ஒன்றையும் சோதனைக்கு வைத்தார்கள். அது நடந்த சண்டைக்கு மார்க் போட்டது. நடக்காததற்கு மார்க் போட எதைக் கொடுப்பீர்கள்? வொரோனர் கொடுத்தது போல, எழுதுகிறவர்களும் ரசிகர்களும் நம்புவதைத்தான் கொடுக்க முடியும். நம்பிக்கை உள்ளே போனால் அதே நம்பிக்கைதான் ரவுண்டு கணக்கோடு வெளியே வரும்.

சரி, எடைக்கு வருவோம். மருமகன் கட்சி இங்கேதான் பலம். "மார்சியானோ 84 கிலோதான் மாமா. நம்ம ஜிம்முல தூத்துக் குடுக்கிய பையன் அதைவிட இருப்பான்" என்பான். இன்றைய கணக்கில் மார்சியானோவும் டெம்ப்சியும் ஹெவிவெயிட்டே இல்லை, ஒரு படி கீழே குரூசர்வெயிட், அதன் எல்லை 90 கிலோ 700 கிராம். எதிர்ப்பக்கத்தில் ஃப்யூரி, ஆறடி ஒன்பது அங்குலம், 2024 மறு ஆட்டத்தில் 127 கிலோ.

பழைய காலத்தில் பெரிய ஆட்களே இல்லை என்பது போலப் பேசுவதுதான் எனக்குப் பிடிக்காது. வில்லார்டு 111 கிலோ இருந்தார், டெம்ப்சி அவரைவிட 25 கிலோவுக்கு மேல் குறைவு. ப்ரீமோ கார்னேரா 118 கிலோவுக்குக் குறையாமல் வந்தார். மாக்ஸ் பேர் 1934இல் அவரைப் பதினொரு தடவை விழவைத்தார், அடுத்த வருடம் 21 வயது ஜோ லூயிஸ் ஆறாவது ரவுண்டில் முடித்தார். நம் காலத்திலும் பார்த்தோம். ஏழடி நிக்கோலாய் வாலுயெவை 2009இல் டேவிட் ஹே பாயிண்டில் தோற்கடித்தார், எடை வித்தியாசம் 40 கிலோவுக்கு மேல். உசிக் குரூசர்வெயிட்டிலிருந்து ஏறி வந்தவர். ஃப்யூரியை 2024 மே மாதம் ஒரு தடவை, டிசம்பரில் 25 கிலோ குறைவான உடம்போடு இன்னொரு தடவை தோற்கடித்தார்.

அதோடு நிறுத்தினால் நான் சித்தப்பா மாதிரி ஆகிவிடுவேன். வில்லார்டும் கார்னேராவும் பெரிய ஆட்கள், நல்ல பாக்சர்கள் அல்ல. லெனாக்ஸ் லூயிஸும் விளாடிமிர் கிளிச்கோவும் அந்த உயரத்தோடு முன்கையை நேராக நீட்டிக் குத்தும் ஜாப் போடத் தெரிந்தவர்கள், தூரத்தை அளக்கத் தெரிந்தவர்கள், அமெச்சூரில் ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர்கள். ஆறரை அடியும் கைவேலையும் ஒரே உடம்பில் சேர்வது தொண்ணூறுகளுக்கு முன்னால் அபூர்வம். மார்சியானோவை லெனாக்ஸ் லூயிஸ் முன்னால் நிறுத்த எனக்கு மனம் வராது. உசிக் ஜெயித்ததை வைத்து எல்லாச் சின்ன ஆட்களும் ஜெயிப்பார்கள் என்றும் சொல்ல முடியாது. உசிக் சின்னவர் என்றாலும் ஆறடி மூன்று அங்குலம், இடது கைக்காரர், ஒரு நிமிடம்கூட ஒரே இடத்தில் நிற்காதவர்.

காலத்தைக் காலத்தோடு ஒப்பிட எனக்கு நம்பகமான சாட்சிகள் இரண்டு காலத்திலும் சண்டை போட்டவர்கள்தான். அவர்களிலும் ஏமாற்று உண்டு. 1951இல் மார்சியானோ ஜோ லூயிஸை எட்டாவது ரவுண்டில் வீழ்த்தினார், லூயிஸுக்கு 37. 1962இல் 20 வயது அலி, மார்சியானோவோடு மோதிய ஆர்ச்சி மூரை நான்கு ரவுண்டில் முடித்தார், மூர் நாற்பதைத் தாண்டியவர். 1980இல் லாரி ஹோம்ஸ் அலியை அடித்தார், 1988இல் டைசன் ஹோம்ஸை அடித்தார். வரிசையாக இளையவன் ஜெயித்ததால் புதிய காலம் உயர்ந்தது என்று சொல்லிவிடலாமா? அது வயதைப் பற்றி மட்டும்தான் சொல்கிறது.

ஆனால் கிழவன் தோற்காமல் நின்ற இடங்கள் உண்மையைச் சொல்கின்றன. ஜார்ஜ் ஃபோர்மன் 1973இல் ஜமைக்காவில் ஜோ ஃப்ரேசியரை இரண்டு ரவுண்டுக்குள் ஆறு தடவை விழவைத்தவர். 18 வருடம் கழித்து, 42 வயதில், வயிறு முன்னால் வர, சாம்பியன் இவாண்டர் ஹோலிஃபீல்டோடு 12 ரவுண்டும் நின்றார். பாயிண்டில் தோற்றார், விழவில்லை. 1994 நவம்பரில் 45 வயதில், 1974இல் ஆப்பிரிக்காவின் கின்ஷாசாவில் அலியிடம் தோற்றபோது போட்டிருந்த அதே சிவப்பு டிரவுசரோடு வந்து, பத்தாவது ரவுண்டில் மைக்கேல் மூரரை வீழ்த்திப் பட்டம் எடுத்தார். கின்ஷாசா சண்டை நடந்தபோது மூரருக்கு ஏழு வயதுகூட ஆகவில்லை. 1992இல் லாரி ஹோம்ஸும் 42 வயதில், ஒலிம்பிக் தங்கம் வாங்கிய ரே மெர்சரைப் பாயிண்டில் தோற்கடித்தார். எழுபதுகளின் ஆட்கள் தேய்ந்த உடம்போடே தொண்ணூறுகளில் இப்படி நின்றார்கள் என்றால், முழு உடம்போடு வந்தால் என்ன என்பதை மருமகன்தான் சொல்ல வேண்டும்.

அப்புறம் ஒரு முக்கோணம் இருக்கிறது, பாயிண்ட் கணக்குப் போடுகிற எல்லாரையும் கிறுக்காக்கும். கென் நார்ட்டன் 1973இல் அலியின் தாடையை உடைத்து ஜெயித்தார், மூன்று சண்டையில் 39 ரவுண்டு அலியைப் படுத்தினார். ஃப்ரேசியர் 41 ரவுண்டு. இந்த இரண்டு பேரையும் ஃபோர்மன் ஆளுக்கு இரண்டு ரவுண்டில் காலி செய்தார். அந்த ஃபோர்மனை அலி எட்டாவது ரவுண்டில் சாய்த்தார். அவனை அடித்தவனை இவன் அடித்தான், ஆகவே இவன் அவனை அடிப்பான் என்ற நம் சாயாக்கடைத் தர்க்கம் ஒரே காலத்து நான்கு பேரிடமே ஓடவில்லை.

என் முடிவுகளைச் சொல்லாமல் போனால் அடுத்த தடவை சாயா கிடைக்காது. டைசனும் 1973 ஃபோர்மனும் மோதினால் ஃபோர்மன், அதுவும் சீக்கிரம். குனிந்து நேராக உள்ளே வரும் குட்டையான ஆள் கீழிருந்து மேலே வரும் ஃபோர்மனின் அப்பர்கட்டுக்கு வந்து மாட்டுவதை ஃப்ரேசியரிடம் பார்த்தோம். ஜோ லூயிஸும் மார்சியானோவும் இருவரும் 27 வயதில் என்றால் லூயிஸ். ஆசானுக்கு மருமகன் செல்போனில் பல பேரைக் காட்டினான். அவர் நிறுத்தித் திரும்பப் பார்க்கச் சொன்னது லூயிஸை மட்டும்தான். "கால் அரைச் சாண்தான் நகருது, அதுக்குள்ள மூணு அடி போச்சு" என்றார். 13ஆவது ரவுண்டு வரை போனால் எனக்குச் சந்தேகம் வரும், ஆனால் போகாது.

அலியும் டைசனும்: 1966 நவம்பரில் ஹூஸ்டனில் கிளீவ்லண்ட் வில்லியம்ஸை மூன்று ரவுண்டில் முடித்த அலிதான் என் அலி. பயம் இல்லாமல் இல்லை. இடது ஹூக் அலிக்கு எப்போதும் ஆகாது. 1963இல் ஹென்றி கூப்பர் அதில்தான் விழவைத்தார், 1971இல் ஃப்ரேசியரும் அதே. டைசனின் இடது ஹூக் அவர்கள் இருவருடையதைவிட வேகம். முதல் நான்கு ரவுண்டு டைசனுடையது. ஆனால் கட்டிப் பிடித்தும் தள்ளி நிறுத்தியும் காலத்தைக் கடத்தியவர்கள் டைசனை 12 ரவுண்டு வரை இழுத்திருக்கிறார்கள். எழும்பி எழும்பி ஜாப் போட்ட டக்ளஸ் ஜெயித்தே விட்டார். அலி பிடிப்பதிலும் கெட்டிக்காரர், பிடரியில் கை போட்டு அழுத்துவதை நடுவர்கள் கண்டுகொண்டதில்லை. 12 ரவுண்டு என்றால் நெருக்கமான பாயிண்டில் அலி. 15 என்றால் கடைசி ரவுண்டுகளில் நடுவர் நிறுத்துவார். டைசனே ஒரு டிவி நிகழ்ச்சியில் அலி பக்கத்தில் உட்கார்ந்து, இவரை என்னால் அடிக்க முடியாது என்ற பாணியில் சொல்லிவிட்டார். என் வயதுக்காரர்கள் அதை மரியாதைக்குச் சொன்னது என்பார்கள்.

இந்தப் பட்டியலில் இல்லாத ஒரு சண்டையைத்தான் நான் காசு கொடுத்துப் பார்ப்பேன், லாரி ஹோம்ஸும் லெனாக்ஸ் லூயிஸும். ஹோம்ஸைப் பற்றி எங்கள் முக்கில் பேச்சே கிடையாது. அலியை அடித்தவன் என்று மூத்தவர்களுக்குக் கோபம், டைசனிடம் அடி வாங்கியவன் என்று எங்கள் ஆட்களுக்கு இளக்காரம். 48க்கு 48 ஜெயித்து, மார்சியானோவின் 49ஐத் தொட ஒன்று குறைய, 1985இல் மைக்கேல் ஸ்பிங்க்ஸிடம் பாயிண்டில் தோற்றவர். வால்காட்டின் அட்டையை 12 ரவுண்டோடு மூடியிருந்தால் அந்த 49 என்ற எண்ணைத் துரத்த வேண்டிய அவசியமே அவருக்கு வந்திருக்காது. அவருடைய ஜாப் போல ஒரு ஜாப் ஹெவிவெயிட்டில் வந்ததில்லை என்பது என் கருத்து. லெனாக்ஸ் லூயிஸுக்கு இரண்டு அங்குல உயரமும் பத்துப் பதினைந்து கிலோவும், ஆளைத் தூக்கிப்போடும் வலது கையும் கூடுதல். அந்த வலது கைக்கு எதிரில் ஹோம்ஸ் எத்தனை தடவை விழுந்து எழுவார் என்பதுதான் சண்டை. விழுந்தும் எழுந்து ஜெயித்தவர் அவர். 1978இல் நார்ட்டனுக்கு எதிராக 15ஆவது ரவுண்டை ஜெயித்துத்தான் பட்டமே எடுத்தார். 12 ரவுண்டு என்றால் லெனாக்ஸ் லூயிஸுக்குக் கொடுத்துவிடுகிறேன். 15 என்றால் ஹோம்ஸ். மருமகன் 12தான் என்று அடம்பிடிக்கிறான். விதி யாருடையது என்று முதலில் காசு சுண்டிப் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.